ஆண்டியப்பன் என்று பெயரிட்ட முகங்கள்

ஆண்டியப்பனை எங்கள் ஸ்டூடியோவுக்குள் வைத்துத்தான் அடித்தார்கள். மகனின் முதல் பிறந்தநாள் படத்தை வாங்க வந்திருந்தான். நான் படத்தை உறையில் போட்டு நீட்டிக்கொண்டிருந்தபோது செல்லசாமி உள்ளே பாய்ந்து, அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடி மேசையில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. உறை முழுக்க இரத்தம்.

செல்லசாமியோடு இன்னும் இரண்டு பேர். ஒருவன் ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயா பஜாரில் கால் வைக்க இடமிருக்காது. ஆனாலும் ஒருத்தர்கூடக் குனிந்து எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு தைரியசாலிகள்.

"நான் என்னா மச்சான் செஞ்சேன்?" என்று ஆண்டியப்பன் உடைந்த பல்லைத் துப்பிக்கொண்டு கேட்டான்.

"மச்சான்னு கூப்பிடாத. என் தம்பி வயித்துல கத்திய எறக்கிட்டு என்னா மச்சான்?"

இந்த வினையை விலைக்கு வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர் ஜூட். அந்த 2010ஆம் ஆண்டில்தான் ஸ்டூடியோவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் முகங்களைப் பார்த்துப் படங்களைப் பிரித்து வைக்கும் வசதி இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் எடுத்த கல்யாணம், திருவிழா, ஞானஸ்நானப் படங்கள் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினார். ஒரு முகத்துக்குப் பெயர் எழுதினால் போதும். அதே சாடையில் உள்ள மற்ற முகங்களை எடுத்துக் காட்டி, இதுவும் அவர்தானா என்று கேட்கும். நாம் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

என் ஆளுக்கு அந்தப் பொறுமை ஏது? ஒரு கையில் பிளேன்டீ, மறு கையால் எல்லாவற்றுக்கும் ஆம், ஆம், ஆம். "எல்லாம் ஒரே சொந்தக்காரனுங்க பவுலின், ஒரே சாடைதான். இதுல என்னத்த உத்துப் பாக்கிறது?" என்பார்.

உற்றுப் பார்க்க வேண்டிய காரணமே அதுதான். ஆண்டியப்பனும் செல்லசாமியும் இருக்கும் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக மாமன் மகளையும் அத்தை மகனையுமே கட்டி வருகிறார்கள். எல்லோருக்கும் அதே மூக்கு, அதே தாடை. அவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பது நடையையும் குரலையும் வைத்துத்தான். படத்தில் ஏது நடையும் குரலும்?

மாரியம்மன் தேரன்று செல்லசாமியின் தம்பி நல்லமுத்துவை யாரோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். ஜூட் எடுத்த படமொன்றில், தேருக்குப் பின்னால் ஓங்கிய கத்தியும் மஞ்சளும் திருநீறும் அப்பிய பாதி முகமும் விழுந்திருந்தன. தோட்டத்தில் யாருக்கும் அது யாரென்று சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் செல்லசாமி கடைக்கு வந்து கேட்டபோது, என் வீட்டுக்காரர் பெருமையாக அந்த முகத்தில் தட்டினார். ஆண்டியப்பன் என்று பெயர் வந்தது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது தம்பி" என்று வேறு சொன்னார். விடிந்ததும் இந்த அடி.

"நான் தேருக்கு முன்னுக்குத்தானே தப்பு அடிச்சிக்கிட்டிருந்தேன்" என்று ஆண்டியப்பன் கதறினான். கடைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்களில் பாதிப்பேர் அந்தத் தப்பு மேளத்துக்கு ஆடியவர்கள். செல்லசாமி கமரா ஸ்டேண்டைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடி தாடையில். அதற்கடுத்தது கண்ணில்.

ஜூட்டோ படம் எடுக்கும் அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவரது செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. அந்த நேரத்தில் செல்லசாமியைவிட அவர்மேல்தான் எனக்குக் கொலைவெறி வந்தது.

நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஆண்டியப்பன் பெயரில் இருந்த முகங்களைத் திறந்தேன். அவனது கல்யாணப் படம், அவனது சித்தப்பா, யாரோ ஒரு பையன். அதற்குக் கீழே மாலையும் கழுத்துமாகச் செல்லசாமி. செல்லசாமியின் கல்யாணத்தில் எடுத்தது.

திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"செல்லசாமி, இதப் பாத்துட்டு அடிங்க. இது யாரு?"

மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தான். "நான்."

"கீழ என்னா பேர் போட்டிருக்கு?"

அவன் குனிந்து வாசித்தான். "ஆண்டியப்பன்."

"அப்ப ஒங்க தம்பியக் குத்துனது நீங்களா?"

ஸ்டேண்ட் கீழே விழுந்தது. செல்லசாமி கண்ணாடித் துண்டுகளுக்கு மேலேயே உட்கார்ந்து, ஆண்டியப்பன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று அழ ஆரம்பித்தான். எனக்கு அவன்மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

உண்மையில் குத்தியவனைப் பொலிஸ் பிறகு பிடித்தது. அவனும் இவர்கள் சொந்தம்தான். அவன் முகமும் ஆண்டியப்பன் பெயரில்தான் கிடந்தது. செல்லசாமியை ரிமாண்டில் போட்டார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஆண்டியப்பன் ஒருநாள் மனைவி ராக்காயியோடு கடைக்கு வந்தான். அன்றைய அடிதடியில் அவனது அடையாள அட்டை தொலைந்திருந்தது. புதியதற்குப் படம் வேண்டும். ஜூட் சாக்குச் சொல்லி வெளியே போய்விட்டார். நானே எடுத்தேன். இடது கண் இல்லை. தாடை ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்தத் தோட்டத்து ஆம்பிளைகள் பாதிப்பேரை ஆண்டியப்பன் என்று சொன்ன அது, அவனை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்துக் கேள்வி கேட்டது.

"அக்கா, அதுல என்னா போட்டிருக்கு?" என்றாள் ராக்காயி.

"இது யாருன்னு கேக்குது."

அவள் திரைக்குக் கிட்ட வந்தாள்.

"ராக்காயி புருஷன்னு போடுங்க. ஆண்டியப்பன்னு போடாதீங்க அக்கா. அந்தப் பேருக்குத்தான் அடிச்சானுங்க."

அவள் சொன்னபடியே தட்டினேன்.