சுற்றுவழி

நேர் சாலையில் போனால் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சித்தி போட்ட வழியில் மூன்று நாள். மலை ஏறி இறங்கி, ஏரிக்கரையில் ஒரு ராத்தங்கல், பிறகு கடலை ஒட்டியே வளைந்து வளைந்து போகிற சாலை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அக்கா பிள்ளைகளில் சின்னவன் வாண்டுக்கு வளைவுகளில் வாந்தி வரும்; மலைப்பாதையைக் காலை வெறும் வயிற்றிலேயே கடந்துவிட வேண்டும். பெரியவள், கழிப்பறை சுத்தமாக இல்லாவிட்டால் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வருவாள். அதற்கேற்ற இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு திட்டம் போடமாட்டாங்க" என்றார் சித்தப்பா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்களும் வாங்களேன்."

"நான் வந்தா பாதியிலேயே வண்டியைத் திருப்பிடுவேன். நீயே போயிட்டு வா."

சித்தியின் அக்கா இறந்துபோனபோது வாண்டு தவழ்ந்துகொண்டிருந்தான். அக்கா வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராத்திரி பகல் என்று மாறி மாறி வேலை. "கொஞ்ச நாள் பாத்துக்கம்மா" என்று இரண்டு பேரையும் கொண்டுவந்து விட்டார். அந்தக் கொஞ்ச நாள் ஐந்து வருஷம் ஆயிற்று. சித்திக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து பார்த்தார் மனிதர், எதிலும் குறை வைக்கவில்லை. இப்போது மறுகல்யாணம் ஆகிவிட்டது, பகல் வேலையும் கிடைத்துவிட்டது. "பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாம்னு..." என்று போனில் அவர் இழுத்தபோது, "நீங்க அலைய வேணாம் மாமா, நானே கொண்டாந்து விடறேன்" என்றாள். அவர்மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. பெரியவள் தலையாட்டிவிட்டுத் தன் துணிகளை மடிக்கப் போனாள். வாண்டு மட்டும், "மலையில மேகத்தைத் தொடலாமா?" என்று கேட்டான்.

தொட்டான். மலை உச்சியில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி ஓடி, பனிமூட்டத்துக்குள் கையை நீட்டி, "ஒண்ணுமே இல்ல சித்தி, ஈரமாத்தான் இருக்கு" என்று முகத்தைச் சுளித்தான். ஏரிக்கரையில் கூழாங்கல் பொறுக்கி இரண்டு பாக்கெட்டையும் நிரப்பிக்கொண்டதில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஜன்னலோர இடத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். சித்தி கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். "அங்க பாரு", "இங்க பாரு" என்று அவள் கை காட்டும் போதெல்லாம் வாண்டு எட்டிப் பார்த்தான். பெரியவளும் பார்த்தாள். ஆனால் வெளியே இல்லை, சித்தியின் முகத்தை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாண்டுக்கு அலுத்துவிட்டது. "எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்றான்.

"வீட்டுக்குத்தான்டா போயிட்டிருக்கோம்" என்றாள் பெரியவள்.

மூன்றாம் நாள் காலை, கடல் சாலையில் ஒரு பிரிவு வந்தது. அருவிக்குப் போகும் கிளைச்சாலை. அது சித்தியின் திட்டத்திலேயே இல்லை.

"அருவி பாக்கலாமா? மதியத்துக்குள்ள திரும்பிடலாம். இல்லேன்னா இங்கயே இன்னொரு நாள் தங்கிக்கூட..."

"வேணாம் சித்தி" என்றாள் பெரியவள். "நேரா போயிடலாம். நீ இப்படிச் சுத்திச் சுத்திக் கூட்டிட்டுப் போகப் போக எனக்கு அழுகையா வருது. அடக்கி அடக்கித் தொண்டையெல்லாம் வலிக்குது."

சித்தி வண்டியை ஓரங்கட்டினாள். இத்தனை நாளும் பிள்ளைகளுக்காக என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். திரும்பிப் பெரியவளின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். வாண்டு மாறி மாறி இருவரையும் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சித்தியிடம் நீட்டினான்.

அதன்பின் எங்கும் நிறுத்தவில்லை.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்ததால் அக்கா வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கதவைத் திறந்தவள் அவருடைய புது மனைவி. தரை துடைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, "வாங்க, வாங்கக்கா" என்று பதறினாள். உள்ளறையில் இரண்டு கட்டில்கள் போட்டு, புது விரிப்பு விரித்து, கசங்காமல் வைத்திருந்தாள். வாண்டு சித்தியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"குடுங்க, நான் படுக்க வைக்கிறேன்."

கைமாறும்போது முழித்துக்கொண்டு அழுவான் என்று சித்தி எதிர்பார்த்தாள். அவன் முழிக்கவில்லை. புதுத் தோளில் முகத்தை இரண்டு தரம் புரட்டி, வாகாக வைத்துக்கொண்டு தூங்கினான். சித்தியின் கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

"தூங்கும்போதே கிளம்பிடுங்கக்கா. முழிச்சா விடமாட்டான்" என்றாள் அவள் தாழ்ந்த குரலில்.

"இல்லம்மா. சொல்லிட்டுத்தான் போகணும்."

அவன் எழும்வரை கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும் சொன்னாள். "நாளைக்கு வருவியா?" என்றான். "நாளைக்கு இல்லடா கண்ணு. பள்ளிக்கூட லீவுக்கு வருவேன்." அவன் சித்தியின் காலைக் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. வேலையிலிருந்து வந்து நின்ற அக்கா வீட்டுக்காரர்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பெரியவள் வாசலுக்கு வரவில்லை.

முதலில் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதுதான் நல்லது, பிள்ளைகள் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று சித்தியே சித்தப்பாவிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டு மூச்சுவிடாமல் பேசினான். "சித்தி, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு! ரத்தம் வந்துச்சு, நான் அழவே இல்ல. அம்மாதான் அழுதாங்க!"

"சமர்த்து" என்றாள் சித்தி.

போனை வைத்ததும், "என்னவாம்?" என்று கேட்டார் சித்தப்பா.

"பல்லு விழுந்துடுச்சாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.