பத்துப் பல் பிளேட்

கச்சிமுகம்மதுவின் ஒஸ்டின் கார் மருதமுனை மெயின் வீதியில், பட்டப்பகலில் நின்றது. எஞ்சின் ஓடியது, கியரும் விழுந்தது, கார் மட்டும் அசையவில்லை. பின் சீட்டில் இருந்த தாயும் மகளும் இறங்கி, வந்த பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டார்கள். கச்சிமுகம்மது தெருவில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தன் வீட்டு வளவுக்குள் தள்ளிக்கொண்டுபோனார்.

மனைவி சபியா உம்மா மௌத்தாகி ஐந்து வருடம். பிள்ளைகள் இல்லை. வாடகைக்கு ஹயர் ஓட்டும்போதுதான் அவருக்கு மனிதர்களோடு கதை. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் வேளாண்மை எப்படி, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று கேட்டுக்கொண்டே போவார். கார் படுத்த பிறகு, பள்ளிவாசலில் சொல்லும் சலாமைத் தவிர வேறு வார்த்தை இல்லாமல் நாட்கள் போயின. ஒருநாள் கடையில் சீனி கேட்க வாயைத் திறந்தவருக்குக் குரல் அடைத்து வந்தது.

தனியாகவே மூன்று நாள் காரின் கீழே கிடந்து கியர் பெட்டியை இறக்கினார். கிளச் பிளேட்டில் தண்டு நுழையும் நடுக்குடம் பிய்ந்து தனியே வந்திருந்தது. அதை ஒரு பழந்துணியில் சுற்றிக்கொண்டு கல்முனையில் அபுல் ஹஸனின் மோட்டார் சாமான் கடைக்குப் போனார்.

அபுல் ஹஸன் இரண்டு பிளேட்டை எடுத்து வைத்தான். கச்சிமுகம்மது இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். சின்னது கியர் பெட்டியின் தண்டில் அழகாக ஏறியது. ஆனால் எஞ்சின் பக்கத்து அழுத்துத் தகட்டுக்கு அது போதாது, முக்கால் அங்குலம் குறைவு. பெரியது எஞ்சினுக்குப் பொருந்தியது, தண்டில் ஏற மறுத்தது. நடுத்துளையின் பல் வேறு.

"காக்கா, உங்கட எஞ்சின் ஒரு கார்ட, கியர் பெட்டி இன்னொரு கார்ட. இது ரெண்டையும் ஆர் சேர்த்துக் கட்டின?" என்று, மறுபடி கடைக்கு வந்த மூத்தவரிடம் கேட்டான் அபுல் ஹஸன்.

கச்சிமுகம்மது மூன்று பிளேட்டையும் துணியில் சுற்றினார். கட்டியவன் கல்முனை மெக்கானிக் புண்ணியமூர்த்தி. எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை விழுந்து எஞ்சின் நொறுங்கியபோது, வேறொரு பெரிய ஒஸ்டினின் எஞ்சினைக் கொண்டுவந்து பழைய கியர் பெட்டியோடு பூட்டி, காருக்கு மறுபடி உயிர் கொடுத்தவன். எட்டு வருடம் ஓடியது. உள்ளே என்ன செய்து வைத்தான் என்று இவர் கேட்டதே இல்லை.

இப்போது மூர்த்தி கல்முனையில் இல்லை. போன வருடத் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் அவனுடைய கராச் எரிந்துபோனது. அன்று பகல் யாரோ ஒருவன் சைக்கிளில் வந்து, "மூர்த்தி உங்களைக் காரக் கொண்டு வரட்டாம்!" என்று படலையில் நின்று கத்திவிட்டுப் போனான். கச்சிமுகம்மது சாவியை எடுத்தார். வாசல் வரைக்கும் வந்தார். வீதியில் ஆட்கள் ஓடுவதைக் கண்டதும் படலையைச் சாத்தி, உள்ளே வந்து கதவுக்குக் கொண்டி போட்டுக்கொண்டார். மூர்த்தி பெண்டாட்டியோடு கால்நடையாகவே தெற்கே வினாயகபுரத்துக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டார். ஒரு வருடமாகியும் போய்ப் பார்க்கவில்லை. என்ன முகத்தோடு போவது?

எட்டு நாள் அந்த இரண்டு பிளேட்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்பதாம் நாள் உடைந்ததைத் துணியோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வினாயகபுரத்தில் விசாரித்துப் போனபோது மூர்த்தி முற்றத்து மணலில் ஒரு தோணி எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"வாங்க காக்கா. இரிங்க."

அவனுடைய மனைவி சாரதாதேவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கச்சிமுகம்மது காரின் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு கேட்டாள்:

"அண்டைக்குக் கார் ஓடினதுதானே, காக்கா?"

கச்சிமுகம்மது கோப்பையைக் கையில் பிடித்தபடி குனிந்திருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

மூர்த்தி துணியைப் பிரித்து உடைந்த பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது நான் அடிச்ச ரிவிட். அப்ப சரியான சாமான் கிடைக்கல்ல. பெரிய பிளேட்டுக்குச் சின்னதுட நடுவ வெட்டி வெச்சன். இவ்வளவு காலம் இழுத்ததே பெரிசு."

"திரும்ப அடிச்சுத் தருவியா மூர்த்தி?"

"வேணாம். தெறிச்சா உங்கட கால் போயிரும்." ஒரு ஈர்க்கிலை எடுத்து மணலில் வட்டம் கீறினான். "பழைய வான் ஒண்டுட பிளேட் இரிக்கு. சுத்தளவு பெரிசு, நடுவில பத்துப் பல்லு. பேரைக் கேட்டு வாங்காதீங்க. தண்டைக் கொண்டுபோய் ஏத்திப் பாத்து வாங்குங்க. நடுவில மொத்தி எழும்பின பக்கம் கியர் பெட்டியைப் பாக்கோணும். மாறிப் போட்டா கிளச் விடாது."

"நீ ஒருக்கா வந்து பூட்டித் தந்தா..."

"கல்முனைக்கு நான் வரமாட்டன், காக்கா." கோபமில்லாமல்தான் சொன்னான்.

கியர் பெட்டியைப் பிரித்துத் தண்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு கச்சிமுகம்மது கடை கடையாக ஏறினார். கடைசியில் அக்கரைப்பற்றுப் பழைய இரும்புக்கடை ஒன்றில், துருக்கறல் பிடித்த குவியலின் அடியில் ஒரு பிளேட் அகப்பட்டது. எண்ணினார், பத்துப் பல். தண்டில் வைத்தார். நழுவிக்கொண்டு ஏறியது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல அவருக்குப் பக்கத்தில் கடைக்காரன்தான் இருந்தான். அவன் யாரோடோ பழைய டயருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

பூட்டி முடிக்க ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் கிளச்சை மெல்ல விட, கார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல முன்னே நகர்ந்தது. ஹயர் தரிப்பிடத்துக்குப் போகாமல் நேரே தெற்கே ஓட்டினார்.

மூர்த்தி படலையடிக்கு வந்தான். எஞ்சினை அணைக்க வேண்டாமென்று கைகாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டான்.

"சரியாப் புடிச்சிரிக்கு."

கச்சிமுகம்மது காரை விட்டு இறங்கினார். "மூர்த்தி, அண்டைக்கு உன்ட செய்தி வந்த. நான் பயந்துட்டன். கதவப் பூட்டிட்டு உள்ளுக்க இருந்தன்."

மூர்த்தி மட்கார்ட்டில் படிந்திருந்த தூசியை விரலால் வழித்தான்.

"தெரியும், காக்கா. நாங்க நிந்தவூர் தாண்டும் மட்டும் பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுத்தான் நடந்த."

கச்சிமுகம்மது பின் கதவைத் திறந்து பிடித்தார். "திருக்கோவில் வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வருவம். சாரதாவையும் கூப்பிடு."

"இன்னொரு நாளைக்குப் பாப்பம்," என்றான் மூர்த்தி. கதவை அவனே மெதுவாகச் சாத்திவிட்டு, தோணி எஞ்சினிடம் திரும்பிப் போனான்.

அக்கரைப்பற்றுச் சந்தியில் கச்சிமுகம்மது காரை ஓரமாக நிறுத்தி ஆட்களுக்காகக் காத்திருந்தார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை யாரும் கை காட்டவில்லை. வெறும் சீட்டுகளோடு வடக்கே ஓட்டினார். வழியெல்லாம், ஒவ்வொரு மாட்டுக்கும் வளைவுக்கும் கியர் மாற்றும்போது, கிளச் ஒரு சொல்லும் பேசாமல் அவர் கேட்டபடி நடந்துகொண்டது.