கூரை விதி

அக்கா வீட்டுக் கூடத்தில் நடத்தும் ஆங்கில வகுப்பில் எனக்கும் ஒரு பதவி உண்டு: சந்தேக நிவாரணி. தகுதி, கல்லூரியில் ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு. அதில் இரண்டு தாள் இன்னும் பாக்கி. பிள்ளைகள் சந்தேகத்தைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வேன். 'தெரியாது' என்று மட்டும் அந்த நாற்காலியிலிருந்து நான் சொன்னதில்லை. தெரியாவிட்டால் அங்கேயே ஒரு விதி செய்து கொடுத்துவிடுவேன். சூடாகக் கொடுத்தால் யாரும் குறை சொல்வதில்லை.

ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'இங்கிலீஷில் ஸ்கூலுக்குப் போனால் ஸ்கூலுக்கு முன்னால் தி (the) இல்லை. பார்க்குக்குப் போனால் மட்டும் ஏன் தி?'

"சின்ன விஷயம். கூரை இருந்தா 'தி' வராது. திறந்தவெளின்னா வரும். குடை மாதிரி வச்சுக்கங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கே எழுதிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பரீட்சை. நாற்பது எடுத்தால் மேல் வகுப்பு. இல்லையென்றால் இன்னொரு வருடம் இதே பெஞ்சு. தையற்காரர் மகள் முப்பத்தொன்பது எடுத்தாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நூல்கண்டு. ஒரு கேள்வியை இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். 'தி' ஏன் வருகிறது என்று காரணம் கேட்ட இடத்தில் அவள் என் கூரையைப் போட்டிருந்தாள். அக்கா சிவப்பில் அடித்திருந்தாள்.

மறுநாள் நூல்கண்டு ஒரு நோட்டோடு வந்தாள். நான் தப்பிக்க வழி பார்த்தேன்.

"மார்க்குக்காக வரலண்ணா."

"பின்ன?"

"கூரை ஒழுகுது."

நோட்டைத் திறந்தாள். இடது பக்கம் 'தி' வரும் வாக்கியங்கள், வலது பக்கம் வராதவை. பாடப்புத்தகம், செய்தித்தாள், அவள் அப்பா அளவு வெட்ட வைத்திருக்கும் பழைய பத்திரிகைகள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பொறுக்கியிருந்தாள். முந்நூற்றுப் பதினாறு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு குட்டி வீடு, கூரையோடு அல்லது கூரையில்லாமல்.

"பேங்க்குக்குக் கூரை இருக்கு, ஆனா 'தி' வருது. மொதல்ல புத்தகம்தான் தப்புன்னு நெனச்சேன். நீங்க சொன்னீங்கல்ல?"

இதைவிட அவள் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

"அப்புறம் பேங்க்குக்கே போய்ப் பாத்தேன். கான்கிரீட்."

"சரி..."

"ஆஸ்பத்திரி ரெண்டு பக்கமும் வருதுண்ணா. அதுலதான் பிடிச்சேன். நோயாளி போனா 'தி' இல்ல. அவரைப் பாக்கப் போறவங்களுக்கு இருக்கு. ஸ்கூலும் அப்படித்தான். நான் படிக்கப் போனா இல்ல. அம்மா கையெழுத்துப் போடப் போனா இருக்கு. எதுக்காகக் கட்டினாங்களோ அதுக்கே போனா வேணாம் போல. ஆனா பேங்க் இதுக்கும் அடங்கல. ஏன்ணா?"

மூன்று வருடமாக இந்த மொழியைத் தின்று கொண்டிருக்கிறேன். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், ஒரு பென்சில், எவரும் சொல்லித் தராத ஒரு சங்கதி. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி திடீரென்று எனக்குப் பெரிதாகிவிட்டது.

"தெரியாது," என்றேன்.

அவள் நம்பவில்லை. "சும்மா சொல்லுங்கண்ணா."

நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். "அக்கா, அந்தக் கூரையைப் போட்டது நான்."

"தெரியும்டா. இந்த வீட்டுல வேற யாருக்கு அவ்வளவு துணிச்சல்?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தை நின்றபடி படித்தாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான்தான் அணைத்தேன்.

கடைசியில் கூடத்துக்கு வந்தாள். "மார்க்கை மாத்த மாட்டேன். எழுதினது தப்பு."

நூல்கண்டு தலையாட்டினாள்.

"வகுப்பை மாத்துறேன். திங்கட்கிழமை மேல் வகுப்புக்கு வந்துடு. இந்த நோட்டையும் கொண்டா."

"அப்ப அண்ணா?" என்றாள் நூல்கண்டு.

"அவன் இருப்பான். நாற்காலியில இல்ல, கீழே பெஞ்சுல."

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவில் முதல் சீட்டு பேங்க்கைப் பற்றியது. கையெழுத்து என்னுடையது.