ஆளுக்கு மூன்று நிமிடம்

நகராட்சி நீச்சல் குளம் வற்றி நான்கு வருடமாகிவிட்டது. இருந்தாலும் அங்கே யாரும் மூழ்கிப் போய்விடக் கூடாது என்கிற அக்கறையில், ஓர் உயிர்காப்பாளரை மட்டும் நகராட்சி விடாமல் வைத்திருந்தது.

ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். தண்ணீர் இருந்த காலத்தில் பாதி ஊருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். இப்போதும் காலை எட்டு மணிக்கு வந்து கேட்டைத் திறப்பார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உயரமான நாற்காலியில் ஏறி உட்காருவார். ஆழமான பக்கத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. 'நீச்சல் தெரியாதவர்கள் இங்கே இறங்கக் கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே அது குடும்பம் நடத்துவதைப் பார்த்தபடி பொழுதைக் கழிப்பார். சரசரவென்று இலை விழுந்தால் இறங்கிப் பெருக்குவார். வருடத்துக்கு ஒரு முறை நகராட்சி அவரைப் பக்கத்து நகரத்துக்கு நான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பிவைக்கும். உயிர்காப்புச் சான்றிதழைப் புதுப்பிக்காதவர் பணியில் நீடிக்க முடியாது என்று விதி இருக்கிறது. தண்ணீர் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

குளம் வற்றியதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் சீல் கிழிந்துவிட்டது. அதை மாற்றித் தரும்படி மாஸ்டர் பொறியியல் பிரிவுக்குப் பதினான்கு கடிதம் எழுதினார். பதினான்குக்கும் ஒரே பதில் வந்தது, 'பரிசீலனையில் உள்ளது' என்று. அவ்வளவு காலம் பரிசீலித்தால் ரப்பர் மரமே வளர்ந்திருக்கும் என்று அவர் மனைவி சொன்னார். மனைவி கண் மருத்துவமனையில் சீட்டுப் போடுகிறவர். நாள் முழுவதும் மங்கலாகப் பார்ப்பவர்களோடு பழகியதாலோ என்னவோ, அவருக்கு எல்லாமே பளிச்சென்று தெரியும்.

இந்த நிலையில்தான் வீடு வீடாக நோட்டீஸ் வந்தது. குடிமக்களின் பொழுதுபோக்கை மேம்படுத்துவதற்காகச் சொத்து வரியை உயர்த்த உத்தேசம். உயர்த்தும் வரியில் நகராட்சி அலுவலக வாசலில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று அமைக்கப்படும். இது குறித்து மக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது. கூடவே ஒரு படிவமும் இருந்தது. 'ஆதரிக்கிறேன்', 'பெரிதும் ஆதரிக்கிறேன்', 'முழு மனதோடு ஆதரிக்கிறேன்' என்று மூன்று கட்டங்கள். பிடித்ததை டிக் செய்யலாம். வேறு கருத்துள்ளவர்கள் சனிக்கிழமை பத்து மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

மாஸ்டர் வீட்டு நோட்டீஸில் இன்னொரு விசேஷம் இருந்தது. அளவெடுக்க வந்தவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்திருந்தார். அந்த அறையில் ஒரு துடைப்பமும் பழைய வாளியும் வசித்தன.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு மனைவியின் அண்ணன் வந்தார். டைல்ஸ் கடைக்காரர், குடியிருப்போர் சங்கத் தலைவர். மாஸ்டரைவிடப் பத்து வயது மூத்தவர். தங்கை வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, மாஸ்டரின் வாயைக் கிளறினார். வேலை எப்படிப் போகிறது, அங்கே என்னதான் செய்வீர்கள், பயிற்சிக்கெல்லாம் அனுப்புகிறார்களாமே என்று கேட்டார். மச்சான் இத்தனை வருடத்தில் முதல் முறையாக வேலையைப் பற்றி விசாரிக்கிறாரே என்று மாஸ்டருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பூனை குட்டி போட்டது வரைக்கும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் நகராட்சித் தலைவி, கமிஷனர், மணியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு எழுத்தர். கமிஷனர் நீரூற்றைத் திரையில் காட்ட விரும்பினார். திரை நீலமாகவே நின்றதால், அந்த நீலத்தையே தண்ணீராக நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

பிறகு மக்கள் கருத்துச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வரியை ஒரு காசுகூட உயர்த்தக் கூடாது என்று கர்ஜித்துவிட்டு, நடைபாதைக்கு முழங்கால் நோகாத மெத்தென்ற தரை வேண்டும் என்று முடித்தார். கண்ணாடிக் கடைக்காரர் நீரூற்று வெட்டிச் செலவு என்றார், அப்படியே வைப்பதானால் எங்கள் தெருமுனையில் வையுங்கள் என்றும் சொன்னார். பூங்கா ஊஞ்சலில் பலகை போய்ச் சங்கிலி மட்டும் ஆடுவதை ஒரு தாய் சொன்னார். எல்லோருக்கும் தலைவி ஒரே அளவாகத் தலையாட்டி, நல்ல கருத்து, பதிவு செய்துகொள்கிறோம் என்றார். எழுத்தர் பேனா மூடியைத் திறக்கவே இல்லை.

அடுத்து டைல்ஸ் கடைக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொழுதுபோக்குக்குக் காசு பத்தலன்னு சொல்றீங்க. ஆனா தண்ணியே இல்லாத குளத்துக்கு ஒரு உயிர்காப்பாளர் வச்சிருக்கீங்க. நாலு வருஷமா சம்பளம், வருஷா வருஷம் பயிற்சி வேற. அவர் யாரைக் காப்பாத்துறார்னு விசாரிச்சேன். ஒரு பூனையை, அப்புறம் மூணு குட்டியை."

கூடம் குலுங்கிச் சிரித்தது. ஐந்தாவது வரிசையில் மாஸ்டருக்குக் காது மடல் வரை சூடேறியது. சிரிப்பது யாரென்று பார்த்தார். பாதிப் பேர் அவரிடம் நீச்சல் கற்றவர்கள். சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. நான்கு வருடமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் துணியாததை மச்சான் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். எழுந்து போய்விடலாம் என்று செருப்பைக் காலால் துழாவினார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேடையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "நீங்க போய்ப் பேசுறீங்களா, நான் போகட்டுமா? நான் போனா எங்க அண்ணன் இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வர முடியாது."

மாஸ்டர் போனார். நகராட்சி ஊழியர்கள் இந்தக் கூட்டத்தில் கருத்துச் சொல்ல அனுமதியில்லை என்று கமிஷனர் தடுத்தார். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்துக் காட்டினார்.

"நான் வரி கட்டுறவனா வந்திருக்கேன் சார். மாடிப்படிக்குக் கீழயும் சேர்த்துக் கட்டுறேன்."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் பாய்ந்தது. கமிஷனர் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் சொன்னது அத்தனையும் உண்மை என்று மாஸ்டர் ஆரம்பித்தார். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவது சுகமென்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். கிழிந்தது ஒரு ரப்பர் சீல், அதன் விலை தன்னை ஒரு முறை பயிற்சிக்கு அனுப்பும் பஸ் கட்டணத்தைவிடக் குறைவு என்றார். எழுதிய கடிதங்களைத் தேதியோடு சொல்லத் தொடங்கினார். ஐந்தாவது கடிதத்தில் எழுத்தர் மணியடித்தார். மூன்று நிமிடம் முடிந்தது.

மாஸ்டர் பழக்கப்பட்ட ஆள், மணியடித்தால் கரையேறிவிடுவார். திரும்பி இரண்டடி வைத்தபோது, மருந்துக்கடை நடத்தும் பெண் எழுந்து நின்றார்.

"எனக்கு மூணு நிமிஷம் இருக்குல்ல? அதை மாஸ்டருக்குக் குடுத்துடுங்க."

கமிஷனர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. விதியில்லாத இடத்தில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்குள் இன்னும் நாலைந்து பேர் தங்கள் நிமிடங்களைக் கொடுத்துவிட்டார்கள். டைல்ஸ் கடைக்காரருக்கும் ஒரு வேகத்தில் கை தூக்கத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தன்னுடையதை முன்பே செலவழித்துவிட்டார்.

வாழ்நாளில் சேர்ந்தாற்போல் இத்தனை நேரம் மாஸ்டர் பேசியதில்லை. பதினான்காவது கடிதம் வரை வந்தார். பிறகு, குளத்தை நிரப்புங்கள், முடியாதென்றால் என்னை வேலையைவிட்டு எடுத்துவிடுங்கள், இரண்டில் ஒன்று செய்யாமல் என்னை மறுபடி பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லி நிறுத்தினார். தலைவி, நல்ல கருத்து, பதிவு செய்து என்று தொடங்கினார்.

கடைசி வரிசையிலிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது. நகராட்சிப் பண்டகக் காப்பாளர். சாமான் அறையைப் பூட்டித் திறப்பவர். கூட்டத்தில் பிஸ்கட் கொடுப்பார்கள் என்று வந்திருந்தார்.

"எனக்கு மூணு நிமிஷம்லாம் வேணாம்ங்க. அந்த சீல் வந்து ரெண்டு வருஷமாச்சு. நம்ம அலமாரியிலதான் இருக்கு. யாரும் சீட்டு எழுதிக் கேக்கல, அதனால நான் குடுக்கல."

பொறியியல் பிரிவு வாங்கிப் போட்டிருந்தது. வாங்கியதை மாஸ்டரிடம் சொல்வது எந்தப் பிரிவின் வேலை என்பதுதான் இரண்டு வருடமாகப் பரிசீலனையில் இருந்ததாம். கமிஷனரின் முகத்தில் ஈயாடவில்லை. தபால்காரர் கையைத் தட்டினார், கூடமே தட்டியது. எழுத்தர் முதன்முறையாகப் பேனாவைத் திறந்தார், எதை எழுதுவது என்று தெரியாமல் மறுபடி மூடினார்.

வெளியே வந்ததும் மச்சான் மாஸ்டரின் தோளைத் தட்டி, நான் கிளப்பிவிட்டதால்தானே மாப்பிள்ளை உங்கள் விஷயம் சபைக்கு வந்தது என்றார். "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுலயே சாப்பிட்டுக்கோங்க" என்றார் மனைவி.

திங்கட்கிழமை சீட்டு எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை சீலை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பூனையையும் குட்டிகளையும் மாஸ்டர் துணி மாற்றும் அறைக்குக் குடிமாற்றினார். தண்ணீர் நிரம்ப மூன்று நாள் பிடித்தது. மூன்று நாளும் அவர் கரையில் நின்று, தண்ணீர் சுவரில் ஒவ்வொரு டைல்ஸாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் மாலை யாரும் இல்லாதபோது உடுத்த துணியோடு குதித்து, இரண்டு முறை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட வீடு வந்தவரைப் பார்த்து மனைவி துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

தலைவி ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் வெளியானது. மக்கள் திரளாகக் கலந்துகொண்டு தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்ததாக அதில் இருந்தது. வரி உத்தேசித்தபடியே உயர்ந்தது. நீரூற்றுக்கும் பள்ளம் தோண்டிவிட்டார்கள். மாடிப்படி அறை பற்றி மாஸ்டர் கொடுத்த மனு பரிசீலனையில் உள்ளது.

முதல் வாரமே வரிசையில் நின்றார் டைல்ஸ் கடைக்காரர். இந்தக் குளத்துக்கே டைல்ஸ் விற்ற மனிதருக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குளிர்ச்சி அதிகம், மருந்து வாடை வேறு அடிக்கிறது, அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்காமல் விடமாட்டேன் என்றார்.

"கேளுங்க மச்சான்" என்றார் மாஸ்டர், அவர் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கியபடி. "இப்ப வாயை மூடிக்கிட்டுக் காலை அடிங்க."