ஏழாவது பிளேடு

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குக் 'கறுப்புத்திரை' என்றுதான் பெயர். மற்றவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு படம் படமாகத் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை அடித்துக்கொண்டிருப்பார். விரலைப் பார்க்க மாட்டார். திரையைக்கூட முழுசாகப் பார்க்க மாட்டார். ஐயாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம். அந்தத் தலைக்கனம்தான் கடைசியில் காலை வாரியது.

கீழ்த்தளத்தில் ஏசி அறையில் ஓர் இரும்புப் பெட்டி. அலமாரியில் புத்தகம் அடுக்கின மாதிரி அதற்குள் ஒல்லி ஒல்லியாக சர்வர்கள் நிற்கும். பிளேடு என்று பெயர். "வீட்ல நீங்க போடுற பிளேடு பத்தாதா, ஆபீஸ்லயும் பிளேடா?" என்று பெண்டாட்டி கேலி பண்ணுவாள். மாடியில் உட்கார்ந்தபடியே அந்தப் பெட்டிக்குக் கட்டளை போடலாம். ஆனால் எந்த பிளேடோடு பேசப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், மாற்றிச் சொல்கிற வரைக்கும் அடிக்கிற கட்டளை எல்லாம் அதற்கே போகும். யாரோடு பேச்சு என்பது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண்ணாக நிற்கும். பார்த்துக்கொண்டால் போதும். பார்க்க வேண்டுமே!

அன்று காலை மூன்றாவது பிளேடில் கெட்டுப்போன மெமரியை மாற்ற வேண்டியிருந்தது. கழற்றி மாட்டக் கீழே நின்றவன் இவருடைய மச்சினன், பெண்டாட்டியின் ஒரே தம்பி. இவர்தான் தலைகீழாக நின்று அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். மாடியிலிருந்து இவர் அணைக்க வேண்டும், பிளேடின் விளக்கு அணைந்ததும் அவன் அதை உருவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. அணைக்கப் போகிற நேரம் பார்த்து, ஏழாவது பிளேடில் சூடு ஏறுகிறது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. பேச்சை மூன்றிலிருந்து ஏழுக்கு மாற்றிப் பார்த்தார், பயப்படும்படி ஒன்றுமில்லை. அதற்குள் பெண்டாட்டியின் போன், சாயங்காலம் சீக்கிரம் வரச் சொல்லி. பேசி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருகிற நினைப்பில், அணைக்கிற கட்டளையை அடித்தார்.

அடித்த பிறகுதான் வரியின் தொடக்கத்தைப் பார்த்தார். ஏழு என்று இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஏழாவதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவசர அவசரமாக ஏழாவதை மறுபடி போட்டுவிட்டு, மூன்றுக்குத் திரும்பி அதை அணைத்தார். ஆனால் திடுதிப்பென்று அணைந்த சர்வர் அவ்வளவு லேசில் எழுந்திருக்குமா? தன் டிஸ்க்கையெல்லாம் தானே சோதித்துக்கொண்டு மத்தியானம் வரை மல்லாந்து கிடந்தது. வார்டுகளில் டாக்டர்கள் கத்தினார்கள், நோயாளிகள் காத்துக் கிடந்து வாடினார்கள், ஓர் ஆபரேஷனையே தள்ளிப் போட்டார்கள்.

கம்ப்யூட்டர் பிரிவின் மேலாளர் அம்மா கீழே ஓடினார். இவரும் பின்னாலேயே ஓடினார். பெட்டிக்கு முன்னால், கையில் உருவிய மூன்றாவது பிளேடோடு மச்சினன் நின்றிருந்தான். வேறென்ன சாட்சி வேண்டும்? ஏழாவதைத் தப்பாக உருவிவிட்டுத் திரும்பச் செருகினாயா என்று அந்த அம்மா கேட்டார். அவன் இவர் முகத்தைப் பார்த்தான். இவர் வாயைத் திறக்கவில்லை.

"தெரியலைங்க மேடம்," என்றான் அவன். "கை பட்டிருக்கும்."

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர் நினைத்தார். சாயங்காலம் போய் நாளைக்கு ஆயிற்று, நாளைக்கு போய் அடுத்த வாரம் ஆயிற்று. மறைக்க ஆரம்பித்தவர் ஒன்றோடு நிறுத்த முடியுமா? பெட்டிக்குள் எல்லாக் கட்டளையும் பதிவாகும். அதைப் படிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அதனால், மச்சினன் மேல் விசாரணை என்று ஆனதும், பார்த்துச் சொல்லும்படி இவரையே கேட்டார்கள். தெளிவாக ஒன்றும் தெரியவில்லை என்று மென்று முழுங்கினார். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டார், மனசுக்குள்தான்.

வீட்டில் இன்னும் மோசம். தம்பி சாப்பிட வந்த அன்று பெண்டாட்டி அவனைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். மாமா மானத்தை வாங்கிட்டியே, ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா, சின்ன வயசிலிருந்தே உனக்குக் கை ஓரிடம் கவனம் ஓரிடம் என்று கொட்டித் தீர்த்தாள். அவன் தட்டைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். விடு, சாப்பிடட்டும் என்றார் இவர். உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு என்று சொல்லி அவள் இவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். இவர் அதை ஓரமாக ஒதுக்கி வைத்தார். அதற்குப் பிறகு அவள் தம்பியின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

விசாரணை அன்று காலை, இனி தாங்காது என்று இவர் கிளம்பினார். மேலாளர் அறைக்குப் போகிற படிக்கட்டில் மச்சினன் எதிரே இறங்கி வந்தான். ஓரமாக இழுத்து நிறுத்தி, ஏழாவதை அணைத்தது நான்தான், உன் கை படவே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவன் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும் மாமா," என்றான் அவன். "நான் பெட்டிக் கதவையே திறக்கலை, அதுக்குள்ள ஏழாவது விளக்கு அணைஞ்சுது. அப்புறம்தான் மூணாவது."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னே ஏன்டா வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அக்கா திட்டும்போதாவது சொல்வீங்கன்னு பார்த்தேன். இப்பதான் உள்ள போய், தப்பு என்னுதுதான், வேலையை விட்டுடறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."

குரலில் கோபம்கூட இல்லை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விறுவிறுவென்று மேலாளர் அறைக்குள் போனார். அந்த அம்மாவின் கம்ப்யூட்டரிலேயே கறுப்புத் திரையைத் திறந்து, அன்றைய கட்டளைகளை வரி வரியாகக் காட்டினார். இந்த முறை ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தார். கேட்டு முடித்த அந்த அம்மா, மச்சினன் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துப் போட்டார். உங்களை என்ன செய்வதென்று மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை கீபோர்டு பக்கமே போகாதீர்கள் என்றார். இவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

மச்சினன் படியிலேயே நின்றிருந்தான். தாளைக் கிழித்தாயிற்று, உன் வேலைக்கு ஒன்றுமில்லை என்று இவர் சொன்னார்.

"வேலை கிடக்கட்டும் மாமா. அக்காகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

இவர் அங்கேயே படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள் போல. குழாய்ச் சத்தம் கேட்டது. இவர் வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு, விசாரணை என்ன ஆச்சு, தப்பை ஒத்துக்கிட்டானா என்று கேட்டாள்.

"ஒத்துக்கிட்டான்," என்றார் இவர். "ஒத்துக்க வேண்டியவன் நான். ஏழாவதை அணைச்சது நான்தான். அவன் தொடவே இல்லை."

குழாய்ச் சத்தம் நின்றது. ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று இவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட போனைக் குடுங்க."