டேட்டா நிறைய இருக்கு

மலேசியாவில் பத்து பகாட் என்ற ஊரில் தொழிற்சாலை வேன் ஓட்டுகிற அர்ச்சுனனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அவன் மனைவி சந்திரமதி சொல்வாள். அப்படிப்பட்டவன் வீட்டில்தான், எழுந்து வரப் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒரு கணினி இருந்தது. காலையில் சந்திரமதி அதன் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து, சாமி கும்பிட்டு, ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவளுக்கு அது பழகிவிட்டது. அவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

வீட்டுப் பிழைப்பில் பாதி அந்தக் கணினியில் ஓடியது. சந்திரமதி முன்பு வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, பள்ளிச் சின்னங்களை வீட்டிலிருந்தே வரைந்து கொடுத்தாள். சட்டைப் பையில் தைக்கிற சின்னம் இருக்கிறதே, அதில் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த நூல் எப்போது வர வேண்டும் என்று ஒவ்வொரு குத்தாகக் கணினியில் வரைந்து வைக்க வேண்டும். கண் பூத்துப் போகிற வேலை. ஒன்பது வருடத்தில் இருபத்தேழு பள்ளிகளின் சின்னங்களை அவள் அப்படி வரைந்து அதற்குள் வைத்திருந்தாள். அவற்றை வாங்கித் தைப்பவர் கிருஷ்ணம்மா, டவுனில் பூத்தையல் பட்டறை வைத்திருப்பவர்.

இந்த வருடம் கிருஷ்ணம்மா புது இயந்திரம் வாங்கிவிட்டார். பழைய இயந்திரத்துக்குக் கொடுத்த கோப்பு எதுவும் புதியதில் ஓடாது.

"உன்கிட்ட இருக்கிற வரைபடத்தையெல்லாம் திறந்து, புது மிஷினுக்கு மாத்திக் குடு சந்திரா. பத்து நாள்ல பள்ளிக்கூடச் சாமான் எல்லாம் கடைக்குப் போகணும். முடியலன்னா இப்பவே சொல்லிடு. ஜொகூர் பாருல ஒரு கம்பெனி கேட்டுக்கிட்டே இருக்கான். அவன்கிட்ட போச்சுன்னா அடுத்த வருசமும் அவன்தான்."

முடியும் என்று சந்திரமதி சொல்லிவிட்டாள். வரைபடம் கையில் இருக்கிறது. திறந்து, மாற்றி, அனுப்பினால் போதும். ஆனால் ஒரு வரைபடம் திறக்கவே அந்தக் கணினி முக்கால் மணி நேரம் முக்கியது. இரண்டாம் நாள் மதியம், ஒன்றைக்கூட மாற்றி முடிப்பதற்கு முன்பே அது அப்படியே நின்றுபோனபோது அவள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புதுக் கணினி என்ற பேச்சே எழவில்லை. தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அதனால் அர்ச்சுனன் தானே களத்தில் இறங்கினான். வேனில் வருகிறவர்களுக்கு இலவச யோசனை வழங்கிப் பழகிய ஆள் அவன். மோட்டர் ஓடவில்லையா, ஐஸ்பெட்டி குளிரவில்லையா, எல்லாவற்றுக்கும் அவனிடம் வழி உண்டு. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பால் தூசியை ஊதினான். வீடெல்லாம் தூசி பறந்தது, கணினி அசையவில்லை. மேசை விசிறியை அதன் திறந்த வயிற்றுக்கு நேரே வைத்தான். ஆயுத பூசைக்கு அப்பிய சந்தனம் கீழே உதிர்ந்ததுதான் மிச்சம்.

"விட்டுடுங்க. கடைக்குக் கொண்டுபோங்க" என்றாள் சந்திரமதி.

புதன்கிழமை காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, கணினியை மடியில் வைக்காத குறையாக எடுத்துக்கொண்டு ஆ லிங் கடைக்குப் போனான். ஆ லிங் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் திருப்புளி. இந்தியர் யாராக இருந்தாலும் அவருக்கு 'அண்ணே'தான். மற்றப் பேச்செல்லாம் மலாயில்.

"வேகத்தைக் கெடுக்கிறது இந்தப் பழைய ஹார்ட்டிஸ்க்தான்" என்று அவர் தட்டிக் காட்டினார். "இதைத் தூக்கிட்டு எஸ்எஸ்டின்னு புது டிஸ்க் போட்டா பறக்கும். சின்னதா போதும், விலையும் கம்மி. மெமரி ஒன்னு செகண்ட்ஹேண்டு இருக்கு, அதையும் போட்டுடறேன்."

விலையைக் கேட்டதும் அர்ச்சுனனுக்கு மூச்சு வந்தது. வேனை வேறு இரட்டை வரிசையில் நிறுத்தியிருந்தான். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அவன் ஒரு கால் கடைக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றான்.

"அப்புறம் டேட்டா எப்படி அண்ணே? அதையும் போட்டுத் தரணுமா? அதுக்குத் தனிக் காசு."

அர்ச்சுனனுக்குத் தெரிந்த டேட்டா ஒன்றே ஒன்றுதான்: மாதக் கடைசியில் தீர்ந்துபோய், கைப்பேசிக்குக் காசு கட்டிப் போடுகிற டேட்டா. ஆள் அகப்பட்டான் என்று இதையும் தலையில் கட்டப் பார்க்கிறாரே என்று நினைத்தான். போன வாரம்தான் போட்டிருந்தான்.

"தா பாயா லா" என்றான். வேண்டியதில்லை. "டேட்டா நிறைய இருக்கு."

"முன்னாடியே எடுத்து வச்சாச்சா?"

"போன வாரமே."

ஆ லிங் கண்ணாடிக்கு மேலாக அவனை மரியாதையோடு பார்த்தார். "நல்ல ஆளு அண்ணே. பாதிப் பேரு எடுத்து வைக்கிறதே இல்ல. அப்ப இந்தப் பழைய டிஸ்க் வேணுமா?"

"அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன். நீங்களே வச்சுக்குங்க."

எதற்குப் பாராட்டு என்று அவனுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடினான்.

மாலை ஐந்து மணிக்குக் கணினி வீட்டுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினாள் சந்திரமதி. பன்னிரண்டு வினாடியில் திரை பளிச்சென்று விரிந்தது. அர்ச்சுனன் மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவள் சிரித்துக்கொண்டே திரையில் இங்கும் அங்கும் சொடுக்கினாள். பிறகு சிரிப்பு நின்றது. இன்னும் இரண்டு இடத்தில் தேடினாள்.

"என்னங்க, என் வரைபடம் எல்லாம் எங்க? டேட்டா ஒன்னுமே இல்லையே."

அந்த ஒரு சொல்லில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவனுக்கு அமைந்திருக்காது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"கடையில எடுத்து வச்சிருக்காங்க. போட மறந்துட்டாங்கபோல. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். ஆறு மணிக்குக் கடைக்கு எதிரே போய்ச் சேர்ந்துவிட்டான். விளக்கு எரிந்தது, ஆ லிங் உள்ளே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே அடி. சாலையைக் கடந்து, பழைய டிஸ்க்கைக் கொடுங்கள் என்று கேட்டால் முடிந்தது. ஆனால் ஏன் என்று கேட்பார். டேட்டா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். காலையில் நல்ல ஆளு என்று சொன்ன வாயால் என்ன சொல்வாரோ. அர்ச்சுனன் எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் பால் சேர்க்காத ஒரு தே ஓ வாங்கினான். எழுந்தான், உட்கார்ந்தான். மோட்டர் கண்ணாடியைத் துடைத்தான். இன்னொரு தே ஓ வாங்கினான். ஏழரை மணிக்கு ஆ லிங் கதவை இழுத்துச் சாத்தியபோது, வருத்தம் வருவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

"கடை சாத்திட்டாங்க" என்று வீட்டில் சொன்னான். அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

"பரவால்ல, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றாள் சந்திரமதி. பழைய குறுந்தட்டைத் தேடி எடுத்து, வரைகிற மென்பொருளை மறுபடி ஏற்றி முடித்திருந்தாள். இருபத்தேழு பள்ளிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, நாளுக்கு நான்காகப் பிரித்து வைத்திருந்தாள். "இந்த வேகத்துக்கு ஒரு வாரத்துல முடிச்சிடுவேங்க. நல்ல வேலை பண்ணீங்க."

அவள் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும். அர்ச்சுனன் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். 'சந்திரா' என்று இரண்டு முறை ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் ஒரு முறை தண்ணீர் கேட்டான், இன்னொரு முறை மழை வரும்போல இருக்கிறது என்றான்.

வியாழக்கிழமை தான் மட்டும் போய் வாங்கி வருவதாகச் சொல்லிப் பார்த்தான். அவள் விடவில்லை. "உங்களுக்கு எதுன்னு தெரியாது, நானே பார்த்து வாங்கறேன்" என்று வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழியில் மூன்று சிவப்பு விளக்கு விழுந்தது. மூன்றிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மூன்றும் பச்சை ஆயின.

கடையில் சந்திரமதி பணிவாகத்தான் கேட்டாள். எடுத்து வைத்த டேட்டா வேண்டும் என்றாள். ஆ லிங் அவளைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"நான் எடுத்து வைக்கலையே. டேட்டா நிறைய இருக்கு, போன வாரமே எடுத்தாச்சுன்னு அண்ணேதான் சொன்னார்."

சந்திரமதி திரும்பினாள். அர்ச்சுனன் திருதிருவென்று விழித்தான்.

"நான் போன் டேட்டான்னு நினைச்சேன்" என்றான் தமிழில், தரையைப் பார்த்து.

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். "பழைய டிஸ்க் இருக்கா?" என்று ஆ லிங்கிடம் கேட்டாள்.

ஆ லிங் மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். அதில் இருபது முப்பது டிஸ்க்குகள் கிடந்தன. அர்ச்சுனனின் பெயர் ஒட்டிய டிஸ்க் மேலேயே இருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். அதன் நடுவே, ஒரு சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும்படி துளை இருந்தது.

"பழைய இரும்பு வாங்குற லோரிக்கு அப்படியே குடுக்க மாட்டேன். ஜனங்களோட விஷயம் உள்ள இருக்கும்ல. நேத்து கடையைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்து எல்லாத்துக்கும் துளை போட்டேன்." ஆ லிங் கண்ணாடியைக் கழற்றினார். "சாயங்காலம் ஆறு மணியிலருந்து ஏழரை வரைக்கும் அண்ணே எதிர்க்கடையிலதான தே குடிச்சிட்டு இருந்தார். நான் கையைக்கூட ஆட்டினேன். அப்ப வந்து கேட்டிருந்தா அப்படியே தூக்கிக் குடுத்திருப்பேன்."

சந்திரமதி டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. நன்றி சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தாள். அர்ச்சுனன் பின்னாலேயே வந்து ஏறி, சாவியைப் போட்டான். திருப்பவில்லை.

"டேட்டான்னா என்னன்னு தெரியாம சொன்னீங்க. அது போகட்டும், எனக்கும் பாதி விஷயம் தெரியாது" என்றாள். குரல் உயரவில்லை. "ஒன்றரை மணி நேரம் அங்க உட்கார்ந்திருந்தீங்க. நான் வீட்டுல உங்களைப் பாராட்டிக்கிட்டு இருந்தேன். அதைத்தாங்க என்னால தாங்க முடியல."

கைப்பேசியை எடுத்துக் கிருஷ்ணம்மாவின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

அர்ச்சுனன் சொன்னான். திக்கித் திணறி, இருபத்தேழும் போய்விட்டது என்று சொன்னான்.

"கடைக்காரங்க பண்ண தப்பா?" என்று கேட்டார் கிருஷ்ணம்மா.

சந்திரமதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. என் தப்பு. நேத்தே எனக்குத் தெரியும். வெட்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

"போனை அவகிட்ட குடுங்க."

சந்திரமதி வாங்கினாள். "அக்கா, இன்னும் எட்டு நாள் இருக்கு. கணினி இப்ப நல்லா ஓடுது. ராத்திரி பகல்னு பார்க்காம உட்கார்ந்தா நாளுக்கு ஒன்னு புதுசா வரைஞ்சிடுவேன். எட்டு பள்ளிக்கூடம். மத்தது எல்லாத்தையும் அந்தக் கம்பெனிக்கே குடுத்துடுங்க."

"அவன்கிட்ட போனது திரும்ப வராது சந்திரா."

"தெரியும்க்கா."

எந்த எட்டு என்று கிருஷ்ணம்மா கேட்டார். சந்திரமதி முந்தின இரவு எழுதிய தாளைப் பையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள். அர்ச்சுனன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்து, அவள் தாண்டிப்போகிற பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.