அர்ஜென்டினாவுக்கு ரயில் விட்டவர்

“தலைமாட்ட நீ பிடி எபி,” என்று சாராள் மறுபடியும் மகனிடம் கெஞ்சினாள். கூடத்தில் சவப்பெட்டியை மூடியாகிவிட்டது. வாசலில் சர்ச் வண்டி காத்திருந்தது.

“மாப்பிள்ளை பிடிக்கட்டும். என்னால முடியாதும்மா.”

முடியாதாம்! தலை நரைத்த ஆள், தாம்பரத்தில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருக்க, பெற்ற தகப்பனின் பெட்டியைத் தொட மாட்டேன் என்று சுவரோரம் நின்றான்.

அப்பா தேவானந்தம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். லண்டன் பணம் கடல் தாண்டிப் போய் அர்ஜென்டினாவுக்கு ரயில் போட்ட கதையைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வெளிப்பணம் வந்தால் நாடு வளரும், யுத்தம் வந்தால் நின்றுபோகும், அப்புறம் மறுபடி வரும் என்பார். எபி வேலை பார்த்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரகடத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போன அன்று, அவன் சாப்பாட்டு மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். மனிதர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “முதல் போட்டவன் எடுத்துட்டுப் போவான். சரித்திரத்துல இதெல்லாம் ஒரு வரிடா,” என்றார். பாவி மனுஷன்! தோளில் ஒரு கை வைத்தாரா? அதற்கப்புறம் எபி அந்த மேஜையில் உட்காரவேயில்லை.

சிறுசேரியிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் அனந்தகிருஷ்ணன் மூக்கை உறிஞ்சினார். “சார் சொன்னதுதான் நடந்துச்சு. வெளிநாட்டுக்காரன் பணம் வரலைன்னா எனக்கு ஏது வேலை, ஏது வீடு?”

“உங்களுக்கு வந்துச்சு, எனக்குப் போச்சு. அந்தப் பாடத்த அவர் நடத்தலையா சார்?” என்றான் எபி.

“வாய அடக்குண்ணா, சாவு வீடு இது,” என்று தங்கை அபிகாயில் பல்லைக் கடித்தாள்.

சாராள் பெட்டிமேல் விழுந்து, “என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரே,” என்று வெடித்தாள்.

“எல்லாரும் போறதுதாம்மா. சரித்திரத்துல இதெல்லாம் ஒரு வரி.”

சொன்ன பிறகுதான் எபிக்கே உறைத்தது. அப்பாவின் அதே குரல், அதே இழுப்பு. சாராள் திட்டவில்லை. இந்தப் பேச்சோடு குடும்பம் நடத்திப் பழகியவள்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எபிக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாப்பிள்ளையை விலக்கிவிட்டு அவன் தலைமாட்டில் தோள் கொடுத்தான். மறுபக்கம் அனந்தகிருஷ்ணன் வந்து நின்றார். ஆள் குள்ளம். தூக்கியதும் பெட்டி அவர் பக்கம் சரிந்தது.

எபி முழங்காலை மடித்து அவர் உயரத்துக்குத் தணிந்தான். வண்டி வரைக்கும் அப்படியே நடந்தான்.